வெள்ளிக்கிழமை நான் சுவிட்ச் போட்ட வரிசை

வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் லாட்ஜில் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும். மற்ற ஆறு நாளும் அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே கூட்டம் வந்து இறங்கும். அந்த நாளாகப் பார்த்துத்தான் அது முரண்டு பிடிக்கும். அதில் என் கை இருந்தது என்று எனக்கே தெரிய ஒரு மாசம் ஆகிவிட்டது.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது அந்த லாட்ஜ். நான் அங்கே காலை வேலை பார்க்கிறேன். ஐந்தரை மணிக்குப் போய் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, உள்ளே கூட்டித் துடைத்து, ஆறு மணிக்கு மிஷின்களுக்கெல்லாம் சுவிட்ச் போட்டுவிட வேண்டும். முன்னொரு தடவை இடி இறங்கி ஒரு மிஷின் கருகிப்போனது. அதிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் மேனேஜர் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் போவார். காலையில் அவற்றைச் சொருகி எழுப்புவது என் வேலை.

மிஷின்கள் மூன்று. ரூம் கொடுக்கிற கவுண்டரில் ஒன்று. சாப்பாட்டு ஹாலில் பில் போடுகிற மேஜையில் ஒன்று. மாடிப்படிக்குப் பின்னால் சின்ன அறையில் திரை இல்லாமல் கறுப்பாக ஒரு பெட்டி. அந்தப் பெட்டிதான் பெரிய ஆள். எந்த ரூமில் யார் இருக்கிறார்கள், எது காலி என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கும். மற்ற இரண்டும் அதனிடம் கேட்டுத்தான் சொல்லும். இவை போக, சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, இரண்டு கொம்போடு. எல்லா வயரும் அதில் வந்துதான் சேரும். ரவுட்டர் என்பார்கள்.

கறுப்புப் பெட்டியைப் புதிதாக வைத்துக் கொடுத்தது ஒரு பெண். நாற்பதை ஒட்டிய வயசு. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள் என்று இலத்தூருக்குத் திரும்பி வந்து, தென்காசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு அறை பிடித்துக் கம்ப்யூட்டர் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். முன்னால் இருந்த மிஷினில், தங்க வருகிறவர்கள் டிக்கெட் பிரிண்ட் எடுக்கவென்று எதையாவது கொண்டுவந்து சொருகி, மாசத்துக்கு ஒரு வைரஸ் வந்துகொண்டிருந்தது. இவள் வந்து, "அண்ணாச்சி, லினக்ஸ் போட்டுத் தாரேன், இந்தத் தொந்தரவு இருக்காது" என்றாள். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவரும் சரி என்றார்.

அவள் எடுத்த முதல் லாட்ஜ் வேலை அது. அதே ரோட்டில் இன்னும் இரண்டு லாட்ஜ்காரர்கள், இங்கே நன்றாக ஓடினால் எங்களுக்கும் செய்து தா என்று சொல்லி வைத்திருந்தார்கள். அடுக்களையின் பின்பக்கம் டீ குடிக்கும்போது அவள்தான் என்னிடம் சொன்னாள். என்னிடம் யாராவது முகம் பார்த்துப் பேசினால் முந்தானை நுனியைத் தேடுகிற ஆள் நான். அவள் பேசும்போது மட்டும் அப்படி இருக்கவில்லை. தரையில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசுவாள்.

"இந்த மூணு லாட்ஜ் கைக்கு வந்துட்டா இங்கனயே இருந்துக்கிடுவேன் ஆச்சி. இல்லைன்னா திரும்பக் கோயம்புத்தூருதான். எங்கம்மைய யாரு பாப்பா? ஒரு ஹோமுல கொண்டு விடணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டீ அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை அது படுத்தபோது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மேனேஜர் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு வந்துவிட்டது.

இரண்டாவது வெள்ளிக்கிழமைதான் வம்பாகிவிட்டது. ரூம் லிஸ்ட் வராததால் மேனேஜர் நோட்டில் எழுதிச் சாவி கொடுத்தார். மேல்மாடியில் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். கொல்லத்திலிருந்து வந்தவர்கள் அருவியில் குளித்து, ஈரத்துணியும் குழந்தைகளுமாகக் கதவைத் திறந்தால், உள்ளே மதுரைக்காரர்கள் கட்டிலில் இலை விரித்துப் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மலையாளத்திலும் தமிழிலும் அன்றைக்கு நடந்த சண்டை ஐந்தருவிவரை கேட்டிருக்கும். மதுரைக்கார அம்மாள் கடைசியில் அந்தக் குழந்தைகளுக்கும் ஆளுக்கு ஒரு கை சோறு வைத்தாள் என்பது வேறு விஷயம்.

பெட்டி வைத்துக் கொடுத்தவள் மத்தியானம் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்தாள். அதற்குள் மேனேஜர் பிளக்கைப் பிடுங்கிச் சொருகி எப்படியோ ஓட வைத்துவிட்டார். அவள் பெட்டிக்கு ஒரு திரையை மாட்டி ஒரு மணி நேரம் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

"அண்ணாச்சி, அடுத்த தடவை நின்னுதுன்னா ஒண்ணையும் தொடாம அப்படியே வைங்க. நின்ன நிலைமையில பாத்தாத்தான் எனக்குத் தெரியும்."

"ஆமா, அம்பது பேர வாசல்ல நனைய விட்டுட்டு நீ வாரவரைக்கும் பெட்டிய வேடிக்கை பாக்கணுமாக்கும்" என்றார் மேனேஜர்.

அவள் வயர்களை மாற்றிப் போட்டாள். போகும்போது என்னிடம் வந்து கேட்டாள்.

"ஆச்சி, காலையில நீங்கதான சுவிட்ச் போடுதிய? எல்லாத்தையும் ஒழுங்காப் போட்டுருதியல்லா?"

"ஆமாம்மா" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் போட்டேன். எந்த வரிசையில் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் படுத்தது. அண்ணாச்சி எப்போதும் சத்தம் போடாதவர். அன்றைக்கு அவளை நிற்க வைத்தே பேசினார்.

"நீ நல்ல பிள்ளதான். ஒன்னக் குறை சொல்லல. ஆனா சீசனே ரெண்டு மாசம்தான் எனக்கு. இன்னும் ஒரு தடவை நின்னுதுன்னா பெட்டிய எடுத்துட்டுப் போயிரு. பழைய ஆளையே கூப்பிட்டுக்கிடுதேன்."

"சரி அண்ணாச்சி" என்றாள்.

மேனேஜர் மட்டும் விடவில்லை. "ஏட்டி, ஒம் பெட்டி வெள்ளிக்கிழமை விரதம் கிரதம் இருக்குதோ? கேட்டுப் பாரு. பாலும் பழமும் வச்சிருவோம்."

"விரதம் இருந்தாலும் பரவால்ல சார். நீங்க பிளக்கப் பிடுங்கித் தலைகீழா நிக்க வச்சா அது என்ன செய்யும்?" என்று அவளும் சிரித்தமாதிரியே சொல்லிவிட்டுப் போனாள். வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தமே கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து, சாவியைப் போடாமல், மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் வழியில் ஒரு பங்காளி சுந்தரபாண்டியபுரத்தில் தவறிப்போனார். எனக்குத் தீட்டு. வேலைக்குப் போனேன். ஆனால் சாமி பக்கம் போகக் கூடாதல்லவா? இங்கேதான் என் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

சாதாரண நாளில் விளக்குமாற்றை மாடிப்படிக்குப் பின்னால் வைப்பேன். அதனால் முதலில் அங்கே இருக்கிற ரவுட்டருக்கும் கறுப்புப் பெட்டிக்கும் சுவிட்ச் போட்டுவிட்டு, அப்புறம் கவுண்டர், கடைசியில் சாப்பாட்டு ஹால் பில் மேஜை என்று வருவேன். வெள்ளிக்கிழமை அப்படி இல்லை. விளக்குமாற்றை வைக்கும்போது ரவுட்டரை மட்டும் போடுவேன், அது மிஷின் கணக்கில் இல்லை. சாப்பாட்டு ஹாலின் ஈசானி மூலையில் சாமி படங்கள் இருக்கின்றன. அதற்குக் கீழேதான் பில் மேஜை. வெள்ளிக்கிழமை குளித்து வந்து அங்கே விளக்கேற்றி, மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பேன். எந்தக் காரியத்தையும் அந்த மூலையிலிருந்து தொடங்குவது நல்லது என்று, விளக்கேற்றிய கையோடு அங்கே இருக்கிற பில் மிஷினை முதலில் எழுப்பிவிட்டு, அப்புறம் கவுண்டர், கடைசியில் கறுப்புப் பெட்டி என்று சுற்றி வருவேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

தீட்டு வந்த அந்த வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றவில்லை. ஈசானி மூலைக்கே போகவில்லை. மற்ற நாள் மாதிரி பெட்டியை முதலில் எழுப்பி, கவுண்டரோடு நிறுத்திக்கொண்டேன். பில் மிஷினை மேனேஜர் வந்து அவரே போட்டுக்கொண்டார். முந்தின நாளே அவர் ஒரு எலுமிச்சம்பழத்தையும் நாலு பச்சை மிளகாயையும் கம்பியில் கோத்துக் கறுப்புப் பெட்டிமேல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

அன்றைக்குப் பெட்டி ஓடியது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு சுணக்கம் இல்லாமல் ஓடியது.

மேனேஜர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். போன் போட்டு அவளிடமே சொன்னார். "பாத்தியா? நீ ஒரு மாசமா முழிச்ச வேலை, ஒரு எலுமிச்சம்பழத்துல முடிஞ்சிட்டு."

சனிக்கிழமை அவள் வந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஓடுதுல்லா, அப்புறம் என்ன?" என்று கேட்டேன். நானாக அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"எதுக்கு நின்னுதுன்னு தெரியல ஆச்சி. எதுக்கு ஓடுதுன்னும் தெரியல. அப்ப மறுபடியும் நிக்கும். பழம் அழுகுதவரைக்கும்தான் நம்ம ராசி."

அன்றைக்கு வீட்டுக்குப் போயும் அதே நினைப்புத்தான். பழம் கட்டியதால் ஓடியது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு வித்தியாசமும் இருந்தது, அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் விளக்கேற்றவில்லை. அப்படியென்றால் நான் விளக்கேற்றுகிற அன்றைக்கெல்லாம் அது நிற்கிறதா? சாமிக்கு என்மேல் என்ன கோபம்? நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது. மறுநாள் துணி அலசும்போதுதான் வேறொன்று தோன்றியது. விளக்கு எரிவதற்கும் வயருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் விளக்கேற்றுகிற அன்றைக்கு நான் வேறு வரிசையில் சுவிட்ச் போடுகிறேன். அது சம்பந்தம்தானே?

யாரிடமும் சொல்லத் துணிச்சல் வரவில்லை. சொல்லி, அது இல்லை என்று ஆகிவிட்டால், மேனேஜர் என்னை வைத்து ஒரு வருஷம் சிரிப்பார். அதனால் நானே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். செவ்வாயோடு தீட்டு கழிகிறது. புதன்கிழமை கூட்டமும் இருக்காது. விளக்கேற்றாமல், சந்தனம் வைக்காமல், வரிசையை மட்டும் வெள்ளிக்கிழமை மாதிரி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. நின்றுவிட்டால் உடனே எல்லாவற்றையும் அணைத்து, பழைய வரிசையில் எழுப்பிவிடுவது. ஏழு மணிக்குமுன் மேனேஜர் வரமாட்டார். யாருக்கும் தெரியாது.

புதன்கிழமை அப்படியே செய்தேன். பில் மிஷின், கவுண்டர், கடைசியில் பெட்டி. கவுண்டரில் போய்த் திரையைப் பார்த்தேன். ரூம் லிஸ்ட் வருகிற இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது. பழமும் மிளகாயும் பெட்டிமேல் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

சாமிக்குக் கோபம் இல்லை என்பதில் முதல் நிம்மதி. அணைக்கலாம் என்று திரும்பினேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. செங்கோட்டைப் பக்கமிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள், எட்டு ரூம் சொல்லி வைத்தவர்கள். அவர்களுக்காக மேனேஜரும் ஆறரைக்கே வந்துவிட்டார். அண்ணாச்சியும் கூடவே வந்துவிட்டார்.

மேனேஜர் திரையைப் பார்த்தார். "போச்சு. இப்பப் புதன்கிழமையும் ஆரம்பிச்சாச்சு."

கல்யாண வீட்டாருக்கு அண்ணாச்சியே சாவிகளை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு போனை எடுத்தார்.

"எம்மா, வந்து ஒம் பெட்டிய எடுத்துக்கோ. இல்லம்மா, பாக்க வேண்டாம். எடுத்துக்கோ." மேனேஜர் பிளக் பக்கம் போனார். அண்ணாச்சி தடுத்துவிட்டார். "நீரு ஒண்ணும் தொடாதேரும். அவ பெட்டி, அவ வந்து கழட்டட்டும்."

அவள் வர அரைமணி ஆகியிருக்கும். அந்த அரைமணி நேரம் நான் துடைத்த தரையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். இப்போது சொன்னால் நான்தான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்பார்கள். ஒரு வகையில் உண்மையும் அதுதான். சொல்லாவிட்டால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பெட்டியோடு போய் முடிகிற விஷயமாக அது இல்லை. இலத்தூரில் படுத்திருக்கிற, நான் பார்த்தே இராத அந்த அம்மாவும் எங்கேயோ போக வேண்டியிருக்கும்.

அவள் வந்தாள். மாடிப்படிக்குப் பின்னால் போய்க் குனிந்து பிளக்கில் கை வைத்தாள்.

நான் போய் அவள் கைமேல் என் கையை வைத்தேன்.

"பிடுங்காத தாயி."

என் ஈரக்கை அவள் கையையும் ஈரமாக்கிவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேனேஜரும் அண்ணாச்சியும் அந்தச் சின்ன அறை வாசலில் நின்று பார்த்தார்கள்.

"நாந்தான்" என்றேன். "வெள்ளிக்கிழம நான் அந்த மூலையில இருந்து போடுவேன். பில் மிஷின் மொதல்ல. இது கடைசி. மத்த நாளு இதுதான் மொதல்ல. இன்னைக்கு வேணும்னே வெள்ளிக்கிழம மாதிரி போட்டுப் பாத்தேன். நின்னுபோச்சு. போன வாரம் தீட்டு. அதனால அங்கன போகல. அதான் ஓடிச்சு. எலுமிச்சம்பழம் இல்ல."

இவ்வளவு நீளமாக நான் மூன்று பேர் முன்னால் பேசியதே இல்லை.

"அடி ஆத்தி" என்றார் மேனேஜர். "வீட்டுக்குள்ளயே ஆளா? ஆச்சி, நீங்களுமா?"

"சும்மா இரும்" என்றார் அண்ணாச்சி.

அவள் பிளக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஓடிப்போய்த் திரையையும் கீபோர்டையும் கொண்டுவந்து பெட்டியில் மாட்டி, என்னமோ இரண்டு வார்த்தை தட்டினாள். வரிவரியாக எழுத்து வந்தது. ஒரு இடத்தில் விரலை வைத்து அப்படியே நின்றாள். பிறகு தலையில் படார் என்று அடித்துக்கொண்டாள்.

"நூத்திரெண்டு! ஐயோ ஆச்சி, நூத்திரெண்டு! நூறுல்லா இருக்கணும்!"

எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து சொன்னாள். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு விலாச நம்பர் உண்டாம். நாலு நம்பரைப் புள்ளி வைத்துச் சேர்த்து எழுதுவார்களாம். முதல் மூன்றும் இங்கே எல்லாருக்கும் ஒன்றுதான், கடைசி நம்பர்தான் ஆளுக்கு ஆள் வேறு. மிஷின் எழுந்தவுடன், எனக்கு என்ன நம்பர் என்று சுவரில் இருக்கிற ரவுட்டரைக் கேட்கும். அது நூறிலிருந்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வரும். முதலில் எழுந்து கேட்டவனுக்கு நூறு, அடுத்தவனுக்கு நூற்றொன்று, மூன்றாவது ஆளுக்கு நூற்றிரண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் நேற்று யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பது எங்கள் ரவுட்டருக்கு மறந்துபோகும். மறுநாள் முதலிலிருந்து தொடங்கும்.

"கவுண்டர்லயும் பில் மிஷின்லயும், பெரிய பெட்டி நூறுல இருக்கு, அங்க போய்க் கேளுன்னு நான் எழுதி வச்சிருக்கேன். வெள்ளிக்கிழம பில் மிஷின் மொதல்ல எந்திரிச்சு நூற வாங்கிக்கிடுது. எல்லாரும் அதுகிட்டப் போய் ரூம் லிஸ்ட் கேட்டா அதுக்கு என்ன தெரியும்?"

அண்ணாச்சி யோசித்தார். எனக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. லாட்ஜில் இருக்கிற ஆளுக்கு இது தெரியாதா? வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் பார்த்தேன். ஏற்கனவே ஒரு தடவை திறந்த வாய், நிற்கவில்லை.

"மொத வாரவங்களுக்கு மொத ரூம் சாவி குடுக்கோம். சரி. அதுக்காக ஆபீஸ் ரூம் சாவியவும் அவங்களுக்கா குடுப்போம்?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அதேதான் ஆச்சி. இவன் ஆபீஸ் ரூமு. வாசல்ல நின்னு யாருகிட்டயும் சாவி கேக்கப்படாது. எந்திரிக்கும்போதே என் நம்பர் இதுன்னு தெரிஞ்சு எந்திரிக்கணும். அத நான் எழுதாம விட்டுட்டேன்."

வீட்டில் வைத்துப் பெட்டியைத் தயார் பண்ணும்போது, அங்கே வேறு ரவுட்டர் என்பதால், கேட்டு வாங்கிக்கொள் என்று எழுதி வைத்தாளாம். இங்கே கொண்டுவந்து மாட்டியதும் மாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். மாட்டியவுடன் ஓடிவிட்டது. ஓடுகிறதே என்று மறந்துவிட்டாள். "அண்ணாச்சி, தப்பு என்னதுதான். ஆச்சி மேல ஒண்ணும் இல்ல. எந்த வரிசையில போட்டாலும் ஓடணும். அப்படித்தான் நான் செஞ்சு குடுத்திருக்கணும்."

தப்பு என்னுடையது என்று இவ்வளவு லேசாக ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"கால் மணி."

என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பெட்டிக்குள் ஒரு சின்னக் கோப்பைத் திறந்தாள். அது எழுந்தவுடன் படித்துப் பார்க்கிற கோப்பாம். மொத்தமே ஏழெட்டு வரிதான். ஐந்தாம் வகுப்பில் படித்த இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கூட்டிப் படிக்க வரும். ஒரு வரியின் கடைசியில் இருந்த நாலு எழுத்தை அழித்துவிட்டு, வேறு ஒரு சொல்லை எழுதினாள். "முன்னால, போய்க் கேளுன்னு இருந்தது. இப்ப, கேக்காத, இதுதான் ஒனக்குன்னு எழுதியாச்சு." அதற்குக் கீழே ஒரு வரியில் நம்பரை அடித்தாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, புள்ளி, நூற்றறுபத்தெட்டு, புள்ளி, ஒன்று, புள்ளி, ஐம்பது. ஏன் ஐம்பது என்றேன். ரவுட்டர் நூறிலிருந்துதான் கொடுக்கும், ஐம்பது பக்கமே வராது, தவறிக்கூட அதை வேறு ஒருத்தருக்குக் கொடுத்துவிட முடியாது என்றாள்.

கவுண்டரிலும் பில் மேஜையிலும் போய், நூறு என்று இருந்ததை ஐம்பது ஆக்கினாள். எல்லாவற்றையும் அணைத்து எழுப்பினோம். ரூம் லிஸ்ட் வந்துவிட்டது. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். ஆனால் கவுண்டரிலிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார்.

"லிஸ்ட் வந்திட்டு. ஆன்லைன்ல பதிஞ்சவங்க பேரு ஒண்ணக்கூடக் காணோமே? இன்னொரு எலுமிச்சம்பழம் கட்டட்டா?"

அவள் கோப்பைத் திரும்பத் திறந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வெளிய போக வாசல் எதுன்னு அவனுக்குச் சொல்லல. கேட்டு வாங்குனப்ப ரவுட்டரு அதையும் சேத்துச் சொல்லிரும். இப்ப நாமதான் எழுதணும்." ரவுட்டரின் நம்பரையும், பெயரைச் சொன்னால் விலாச நம்பரைத் தேடித் தருகிற இடத்தையும் இரண்டு வரியாகச் சேர்த்தாள். அதன்பிறகு ஆன்லைன்காரர்கள் பெயரும் வந்தது.

"இப்ப நீங்க போடுங்க ஆச்சி. இஷ்டத்துக்குப் போடுங்க" என்றாள்.

நான் வெள்ளிக்கிழமை வரிசையில் போட்டேன். ஓடியது. தினப்படி வரிசையில் போட்டேன். ஓடியது. நடுவிலிருந்து தொடங்கினேன். பில் மிஷினைப் போடாமலே விட்டுப் பார்த்தேன். பெட்டியை முதலில் எழுப்பி, ரவுட்டரைக் கடைசியில் போட்டேன். அப்போது மட்டும் கொஞ்சம் தாமதித்து வந்தது, ஆனால் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் திரையில் விரலை வைப்பாள், நான் எழுத்துக் கூட்டுவது மாதிரி ஐம்பது என்று படிப்பேன். ஏழாவது தடவை அண்ணாச்சியே போதும் என்றார்.

"வெள்ளிக்கிழமை பாப்போம்" என்றார் அவளிடம். பெட்டியை எடுத்துப் போகச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மேனேஜர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "ஆச்சி, எதுக்கு வம்பு? நாளைக்கு மட்டும் வரிசைய மாத்தாம, தினம் போடுத மாதிரியே போட்டுருங்க."

"மாத்தித்தான் போடுவேன்" என்றேன். "அப்பத்தான அது ஓடுதான்னு தெரியும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். நான் அவரை எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

மறுநாள் பழையபடி விளக்கேற்றி, அந்த மூலையிலிருந்தே சுவிட்ச் போட்டேன். அன்றைக்கு வந்த கூட்டம் அந்தச் சீசனிலேயே பெரிது. மெயின் அருவியில் குளிக்க விடவில்லை என்று எல்லாரும் ஐந்தருவிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். சாயங்காலம்வரை ஒரு ரூமும் காலி இல்லை. ஒரு ரூமும் இரண்டு பேருக்குப் போகவில்லை. மேனேஜர் நோட்டை எடுக்கவே இல்லை. ஐந்து மணிக்கு அண்ணாச்சி போன் போட்டு அவளிடம் பேசியது எனக்குக் கேட்டது. "ஓடுதும்மா. ஆமா, ஆச்சி மாத்தித்தான் போட்டா. அந்த ரெண்டு லாட்ஜ்காரங்ககிட்டயும் நானே சொல்லிட்டேன். போய்ப் பாரு."

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, என் வேலை முடிகிற நேரத்துக்கு அவள் வந்தாள்.

"ஆச்சி, ரோட்டுக்கு மேல அந்த லாட்ஜுல எல்லாம் மாட்டிட்டேன். வாரியளா?"

"நான் வந்து என்ன செய்ய?"

"நான் போட்டுப் பாத்தா எப்பவும் ஒரே மாதிரிதான் போடுவேன். எனக்குத் தெரிஞ்சதத்தான் செய்வேன். நீங்க போடுங்க. எது நிக்கின்னு பாப்போம்."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார எனக்குக் கூச்சம். ஒருபக்கமாக உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். போகிற வழியில், அம்மாவுக்கு இப்போது கொஞ்சம் பிடித்துக்கொண்டு உட்கார முடிகிறது என்றாள். காலையில் இவளே கஞ்சி கொடுத்துவிட்டு வருகிறாளாம்.

அந்த லாட்ஜில் மிஷின்கள் ஐந்து. கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது யாரு?"

"சோதிச்சுப் பாக்க வந்திருக்காங்க" என்றாள் அவள், ஒரு சிரிப்பும் இல்லாமல்.

எனக்கு முகம் சுட்டது. முந்தானை நுனி கையில் இருந்தது. அதை இடுப்பில் சொருகிவிட்டு, ஐந்து சுவிட்சும் எங்கெங்கே இருக்கின்றன என்று அவரிடமே கேட்டேன்.